லிட்டருக்குப் பதினொன்று

மார்ச் 2, ஞாயிறு

வெயில். மார்ச் பிறந்து இரண்டு நாள்தான், அதற்குள் ரோடு கொதிக்கிறது. மாலையில் பங்க். டேங்க் ஃபுல். பம்ப் தானாக நின்றதும் போதும் என்றேன். ரவுண்டாகப் போடட்டுமா என்றார் பங்க்காரர். போட்டால் கணக்கு கெட்டுவிடும். வேண்டாம்.

219 கி.மீ. 19.6 லி. லிட்டருக்கு 11.2. போன தடவை 11.4. இறங்கிக்கொண்டே போகிறது.

மஞ்சுநாத்துக்கு 14.8. அதுதான் வயிற்றெரிச்சல். அதே மாடல், அதே வருடம், கலர் மட்டும் வேறு. அவர் அல்சூர் ஏரிப் பக்கம், நான் ஜோகுபாளையம். வைட்ஃபீல்டில் ஒரே ஆபீஸ், ஒரே ஃப்ளோர். ஒரு வாரம் என் வண்டி, ஒரு வாரம் அவர் வண்டி என்று சேர்ந்து போகிறோம். அவர் வண்டி வாரத்தில் என் வண்டி வாசலில் புங்க மரத்தடியில் சும்மா நிற்கும். ஆக ஒரே ரோடு, ஒரே டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசல், வண்டியில் அதே இரண்டு ஆட்கள். பின் எப்படி?

நாளை முதல் என் வண்டி வாரம். ஏ.சி. கிடையாது என்று தீர்மானம்.

மார்ச் 3, திங்கள்

ஏ.சி. இல்லாமல் போனேன். கே.ஆர். புரம் தொங்கு பாலத்தின் கீழ் முக்கால் மணி நேரம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. யாரையும் குரு என்றே கூப்பிடும் மஞ்சுநாத் கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டே சொன்னார்: “ஏன் குரு, உங்க காரு பெட்ரோல் குடிக்குதா, இல்ல நீங்க குடிக்கிறீங்களா?”

சிக்னலில் இன்ஜினை அணைத்தேன். பச்சை விழுந்து திரும்பக் கிளப்புவதற்குள் பின்னால் இருந்தவன் கன்னடத்தில் என் அம்மா வரைக்கும் போய்விட்டான்.

மார்ச் 6, வியாழன்

டயர் காற்று 33. முன்பு 30 வைத்திருந்தேன். இதனால் அரை கி.மீ. கூடும் என்கிறார்கள். கூடட்டும்.

வீட்டில் அப்பா இன்று முழுக்க டம்ளரில் ஸ்பூனால் தட்டிக்கொண்டே இருந்தாராம். பக்கவாதம் வந்து வலது பக்கம் போன பிறகு கூப்பிட அதுதான் வழி. தண்ணீருக்கு ஒரு தட்டு, பெட்பேனுக்கு ஒரு தட்டு, ஒன்றும் வேண்டாம் என்றாலும் ஒரு தட்டு. கீழே அண்ணன் வீட்டு டி.வி. வேறு. நான் வந்ததும் என் மனைவி அமுதா எழுந்து வந்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்தாள், போய்விட்டாள். போய்விட்டாள் என்றால் எங்கே? வீடே ஒரு ஹால், ஒரு ரூம். ரூமில் அப்பா. ஹாலில் நாங்கள். சமையல் மூலையில் போய் நின்றாள்.

அவளிடம் மைலேஜ் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டாளா என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

டிக்கியைக் காலி செய்தேன். எடை குறைந்தால் மைலேஜ் கூடும். இருந்தவை: தண்ணீர் கேன் 1, குடை 2, அப்பாவின் பழைய வாக்கர், பழைய பேப்பர் கட்டு, ஒரு தலையணை, ஒரு பெட்ஷீட்.

தலையணை எப்போது டிக்கிக்குள் போனது? வேலூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவைக் கூட்டிப் போனபோது போல. எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்தேன். தலையணையை அமுதா கையில் கொடுத்தேன். தலையணையில் என்ன எடை இருக்கிறது என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மார்ச் 12, புதன்

மஞ்சுநாத் வண்டி வாரம். ஏ.சி. போட்டுக்கொண்டு, பாட்டு கேட்டுக்கொண்டு, ஆள் பாதி கிளட்சில் கால் வைத்தே ஓட்டுகிறார். எல்லாத் தப்பும் செய்கிறார். 14.8.

ராத்திரி சாப்பாட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு. மஞ்சுநாத் வண்டியில் போகும் வாரங்களில் வீட்டில் கொஞ்சம் அமைதி இருப்பதுபோல எனக்கு ஒரு எண்ணம். ஓட்டாததால் எனக்குக் களைப்புக் குறைவு, அதனால் இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

டேங்க் ஃபுல். ஏ.சி. இல்லை, காற்று சரி, டிக்கி காலி, சிக்னலில் அணைப்பு. எவ்வளவு?

11.3.

பங்க்கிலேயே வண்டியை ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் வெந்ததற்கு இவ்வளவுதானா. வீட்டுக்கு வந்து, இந்த மாதத்துக்குள் 14 வராவிட்டால் வண்டியை விற்றுவிடுவேன், மெட்ரோவில் போய்க்கொள்வேன் என்று சத்தமாகச் சொன்னேன். கீழே அண்ணனுக்கும் கேட்டிருக்கும். அவர் ஒன்றரை வருடமாக இதைத்தான் சொல்கிறார்.

அமுதா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமல் சொன்னாள்.

“விக்காதீங்க.”

ஏன் என்றேன். அடுத்த ஸ்பூனை அப்பா வாய்க்குக் கொண்டுபோனாள். பல மாதமாக அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் இது. குடும்பத்தில் முதல் கார், அண்ணன் எதிரில் விட்டுக்கொடுக்க மனம் வராது. அவளுக்கும் ரோஷம் இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மார்ச் 17, திங்கள்

ஒரு வினோதம். நேற்றே எழுத விட்டுப்போனது, பங்க்குக்குக் கிளம்பச் சாவி போட்டதும் ஏ.சி. குபுகுபுவென்று முகத்தில் அடித்தது. குமிழ் மூன்றில் இருந்தது. போன என் வண்டி வாரம் முழுவதும் ஏ.சி.யைத் தொடவே இல்லை. பூஜ்ஜியத்தில் விட்டுத்தான் இறங்கினேன், நிச்சயம்.

வயரிங் கோளாறு. ஏ.சி. தானாக ஓடுகிறது. அதுதான் பெட்ரோலைக் குடிக்கிறது. பிடித்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

ஆடுகோடி. இம்தியாஸ் பாய் ஒர்க்ஷாப். ஏர் ஃபில்டர் மாற்றினார், பிளக் மாற்றினார், கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தார். வயரிங் சுத்தமாக இருக்கிறதாம். குமிழ் தானாகத் திரும்பாதாம். சிரிக்காமல் சொன்னார், அதுவே பெரிய மரியாதை.

“வண்டில ஒண்ணும் இல்ல சார். ஓடாம எரியுது. நின்ன எடத்துலயே இன்ஜின் ரொம்ப நேரம் ஆன்ல இருக்கு.”

டின் ஃபேக்டரியில் நிற்பதைச் சொல்கிறார். அங்கே மஞ்சுநாத்தும்தான் நிற்கிறார் பாய் என்றேன். தோளைக் குலுக்கினார். அங்கிருந்து திரும்பும்போது ஓசூர் ரோட்டில் ஒரு மணி நேரம். ஜன்னல் வழியாக ஒருவன் எள்ளுருண்டை விற்றான். வாங்கினேன். அமுதாவுக்குப் பிடிக்கும். அப்பா சாப்பிட்டுவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. மஞ்சுநாத் வீட்டிலிருந்து ஒப்பட்டு வந்தது, நம் போளிதான். ஒரு தட்டு நிறைய.

டேங்க் ஃபுல். 11.1. புது பிளக், புது ஃபில்டர் எல்லாம் போட்டு 11.1.

இனி என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைகீழாக நின்றாலும் இது ஏறப்போவதில்லை. பங்க்கை மாற்றியாயிற்று. பாதையையும் ஒருமுறை மாரத்தஹள்ளி வழியாக மாற்றிப் பார்த்தேன், இன்னும் மோசம். ஒரு காரைக்கூட ஒழுங்காக ஓட வைக்க முடியவில்லை. அப்பாவைத் தேற்ற முடியவில்லை, வீட்டுக்கு ஒரு ரூம் கூட்ட முடியவில்லை, இதுவாவது நம் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணன் ஆள் பார்த்திருக்கிறாராம். சித்திரை பிறந்ததும் வண்டியைப் பார்க்க வருவார்கள்.

ஏப்ரல் 9, புதன்

மஞ்சுநாத் வண்டி வாரம். ஆபீஸில் தண்ணீர் இல்லை. டேங்கர் வரவில்லை, பாத்ரூம்கள் நாறின. மதியமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். மஞ்சுநாத் ஹூடியில் இருக்கும் தன் மாமியார் வீட்டுக்குப் போனார். நான் மெட்ரோ. அல்சூரில் இறங்கி நடந்தேன்.

எங்கள் தெருமுனையில் நின்றபோதே சத்தம் கேட்டது. என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. புங்க மரத்தடியில், நின்ற இடத்தில்.

திருடன் என்றுதான் முதலில் ஓடினேன்.

உள்ளே அமுதா. முன்பக்கம் இடது சீட். சீட்டை முழுக்கச் சாய்த்து, செருப்பைக் கழற்றி, தலைக்குக் கீழே அந்தத் தலையணை. ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தது. போன் கையில் இல்லை. தூங்கவில்லை. அழவும் இல்லை. கண் திறந்துதான் இருந்தது, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே என்ன இருக்கிறது, வண்டிக் கூரை.

அவள் முகம் அப்படி இருந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று. கல்யாணமான புதிதில் இருந்திருக்கலாம். இப்போது நினைவில்லை.

எதிரே இஸ்திரி வண்டி செல்வம் கையைக் காட்டிக் கூப்பிட்டான். மெதுவாகப் பேசினான்.

“எழுப்பாதீங்கண்ணா. தாத்தா மத்தியானம் தூங்குற நேரந்தான். வண்டி இங்க நிக்கிற வாரம் மட்டும் அக்கா வந்து உக்காரும். யாரையும் கிட்ட வுடமாட்டேன்.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். போன வெயிலிலிருந்து என்றான். தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

கதவைத் தட்டவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். வழக்கமாக வரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். டின் ஃபேக்டரியில் நல்ல நெரிசல் என்றேன். ம் என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒரு மணி நேரம் ஏ.சி.யோடு நின்றால் ஒரு லிட்டர். அஞ்சு நாள், அஞ்சு லிட்டர். அதைக் கழித்தால் எனக்கும் 15 பக்கம் வருகிறது. வண்டி நல்ல வண்டி. ராஜா மாதிரி வண்டி.

கணக்கு சரியாக வந்ததில் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். என்ன மனுஷன் நான்.

லிட்டருக்குக் கால் கி.மீ. குறைந்தால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் படுப்பவள் பற்றி ஒரு வருடமாக ஒன்றும் தெரியவில்லை. கதவைச் சாத்தி உட்கார இந்த உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு இடம். அதைத்தான் விற்கிறேன் என்று கத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

அண்ணனிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார். தூக்கட்டும்.

மாலையில் அமுதாவிடம் பேசினேன். நல்லதாகத்தான் பேசினேன். வண்டியை விற்கவில்லை, நீ பாட்டுக்கு உட்கார்ந்துகொள், ஏ.சி. எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள், பெட்ரோலைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன்.

அவள் கையில் இருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். யார் சொன்னது என்றாள். நானே பார்த்தேன் என்றேன். முகம் சிவந்து, பிறகு ஒன்றும் இல்லாமல் போனது.

“இனிமே போக முடியாது.”

“ஏன்? நான்தான் போகச் சொல்றேனே.”

“அதான். நீங்க சொல்லிட்டீங்க இல்ல.”

ரூமில் ஸ்பூன் சத்தம். எழுந்து போய்விட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

டேங்க் ஃபுல். கணக்குப் போடவில்லை. ரவுண்டாகவே போடச் சொன்னேன். தலையணையை உறை மாற்றி, மடித்த பெட்ஷீட் மேல் வைத்து டிக்கியில் வைத்தேன்.

அப்பா தூங்கியதும் அவளைக் கீழே கூப்பிட்டேன். வா, இரண்டு பேரும் சும்மா உட்காரலாம் என்றேன். வந்தாள். நான் ஓட்டும் சீட், அவள் அவளுடைய சீட். இன்ஜின் ஆன், ஏ.சி. மூன்று. எதிரே நாளைய அம்பேத்கர் ஜெயந்திக்கு நீலக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சீட்டைச் சாய்த்துக்கொள் என்றேன். குளிர் போதுமா என்றேன். சத்தமாக இருக்கிறதா, ஜன்னலை ஏற்றட்டுமா என்றேன்.

கொஞ்ச நேரம் பொறுத்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

“ரெண்டு பேர் உக்காந்தா இதுவும் வீடுதாங்க.”

கதவைத் திறந்து இறங்கி மேலே போனாள். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. அணைக்கத் தோன்றாமல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 16, புதன்

என் வண்டி வாரம். மஞ்சுநாத் எவ்வளவு வருகிறது என்றார். பார்ப்பதில்லை என்றேன். “என்ன குரு, ஏதாவது ஆச்சா?” என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். ஏ.சி. போட்டேன், அவருக்காக.

ஏப்ரல் 23, புதன்

அவர் வண்டி வாரம். நேற்றிரவு மழை, காலையில் புங்கம்பூ வண்டி முழுக்க. செல்வத்திடம் துணி கொடுக்கும் சாக்கில் கேட்டேன். துணியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னான், அக்கா கீழே வருவதே இல்லையாம். நான் அவளை ஏதாவது திட்டிவிட்டேனா என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பவில்லை.

சாவியை ஆணியிலிருந்து எடுத்து டி.வி. மேல் வைத்தேன், அவள் கண்ணில் படும்படி. மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறாள்.

மத்தியானம் அப்பா தூங்கும்போது என்ன செய்கிறாய் என்று கேட்டேன். வேலை இருக்கு என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் தூறல். டேங்க் ஃபுல். வேண்டாம் என்று நினைத்தாலும் கண் மீட்டருக்குப் போகிறது, மனசு தானாக வகுத்துவிடுகிறது.

15.1.

மஞ்சுநாத்தை ஜெயித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தேன். தலையணை, நான் வைத்த இடத்தில். பெட்ஷீட், நான் மடித்த மடிப்பிலேயே.