மூன்றாம் மாடி வகுப்பும் மருமகள் மின்ஹாவின் களைப்பும்

அனுப்புநர்:
மு. இப்திகார்,
டைல்ஸ் வியாபாரி,
கட்டுகஸ்தோட்டை.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கண்டி.

விடயம்: பதினோராம் தரத்தில் படிக்கும் என் மருமகளை, தூங்குகிறாள் என்று பரீட்சை வகுப்பிலிருந்து விலக்கப் பார்ப்பது தொடர்பாக

கௌரவ ஐயா,

இந்தப் பக்கத்தில் மனு எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே. என் கடிதம் கண்டு கதிரையை விட்டு எழும்பாத அதிகாரி இல்லை. இவ்வுறையை வழியில் எவரும் பிரித்தால் தெரியும்படி மூன்று இடத்தில் ஒட்டியுள்ளேன். பாடசாலையின் பெயர் தனித்தாளில் உள்ளது. காரணம் தங்களுக்கே விளங்கும்.

1. என் தங்கை பாயிஸாவின் மகள் மின்ஹாவுக்கு வயது பதினாறு. ஒரு வருடமாக இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள். நோயைவிடக் களைப்புத்தான் அவளைத் தின்கிறது. பத்து மணித்தியாலம் தூங்கியும் சீமெந்து மூட்டை சுமந்தவளைப் போல எழும்புகிறாள். தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போய்ப் பைப்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

2. வகுப்பு மூன்றாம் மாடியில். படிகள் நூற்றுப் பன்னிரண்டு. மின்ஹா நாற்பத்தெட்டு என்கிறாள். களைப்பில் குறைத்து எண்ணியிருப்பாள். "மாமா, படியேறினதோடயே நான் முடிஞ்சி போறேன். பொறகு எங்க படிக்கிற?" என்று கேட்டாள்.

3. மேசையில் தலை சாய்த்த பிள்ளையைப் பிரதி அதிபர் எழுப்பி, "ராவெல்லாம் போன் பார்த்தா பகல்ல தூக்கம்தான் வரும், மகாராணி" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னார். போனை ஒப்படைக்காவிட்டால் பரீட்சை வகுப்பில் இடமில்லையாம். பிள்ளையிடம் போனே இல்லை. இல்லாத போனை இவர் ஏன் இவ்வளவு தேடுகிறார்? சொந்தக்காரப் பிள்ளை யாருக்கோ இடம் பிடிக்கிறார் என்பது என் சந்தேகம்.

4. பாடசாலை வாசல் கேட்டடியில் கீழ்மாடி அறையொன்று பூட்டிக் கிடக்கிறது. யன்னலால் எட்டிப் பார்த்தேன், உடைந்த கதிரைகள். உடைந்த கதிரைக்கு இரண்டு பூட்டு எதற்கு ஐயா?

5. இனி எழுதுவதற்குக் கை கூசுகிறது. நோயை மறைத்தது நாங்களே. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் நோயின் பெயர் முன்னால் போய் நிற்கும் என்று பாயிஸா அழுதாள். லீவுக் கடிதத்தில் நெருப்புக் காய்ச்சல் என்று எழுதியவன் நான். விசாரித்தவர்களிடம் அக்காய்ச்சலை மூன்று தடவை வரவழைத்தவனும் நானே. முடி கொட்டியதைப் பர்தா மறைத்துவிட்டது. ஆகவே பிரதி அதிபரின் கண்ணுக்குத் தூங்கும் பிள்ளை மட்டுமே தெரிந்தாள். அவ்வளவுக்கு அவரை மன்னிக்கிறேன். பூட்டு விடயத்தில் இல்லை.

ஆகையால், பரீட்சை முடியும்வரை அவ்வகுப்பைக் கேட்டடி அறைக்கு இறக்கவும், தினம் ஒரு பாடவேளை தலை சாய்க்க அவளை விடவும், நோயின் பெயர் அதிபரைத் தாண்டிப் போகாமல் காக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். மின்ஹாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தெரிந்தால் ஏசுவாள். அவள் கேட்பது பரீட்சை எழுதுவதை மட்டுமே.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
மு. இப்திகார் (ஒப்பம்)

இடம்: கட்டுகஸ்தோட்டை
திகதி: 14.07.2025

இணைப்பு: வைத்தியரின் கடிதப் பிரதி. இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.