அக்காவின் எடையில் ஒரு பொம்மை

மார்ச் 4, செவ்வாய்

இன்று அக்காவைக் கீழே போட்டுவிட்டேன்.

போட்டுவிட்டேன் என்றால் — நானும் கூடவே விழுந்தேன். அதனால் பாதிப் பழிதான். கடையில் ஒரு டாக்சிக்கு சீட் கவர் தைத்து முடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோதெரபி செய்கிற பெண், "கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்திப் பாருங்க, வீட்டுக்குப் போனா நீங்கதானே செய்யணும்" என்றாள். ஏதோ தலையணை உறை மாற்றுவது போலச் சொல்லிவிட்டாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவின் இடது பக்கம் அவள் பேச்சைக் கேட்பதில்லை. வலது பக்கம் யார் பேச்சையும் கேட்பதில்லை; அது பிறவிக்குணம். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, அவள் என் கழுத்தைப் பிடித்துத் தொங்க, நாற்காலி வழுக்கிக்கொண்டு போக — மூன்று பேரும் தரையில். நாற்காலியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பி சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான். "பாத்தியா சின்னக்கா? இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீ இருக்கிற இருப்புக்கு உன்னையே யாராவது தூக்கணும்." ஏதோ ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறானாம். ஆள் இருக்கிறார்களாம், தூக்குவதற்கு மிஷின் இருக்கிறதாம், தோட்டம்கூட இருக்கிறதாம். தோட்டத்தில் அக்கா என்ன செய்வாள்? பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். செடிகளிடம் டிக்கெட் கேட்பாளா?

டாக்டர் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார். மாதக் கடைசியில் அனுப்புகிறோம். அதற்குள் வீட்டில் ஒருவர் பாதுகாப்பாக மாற்றப் பழகிவிட்டதாக பிசியோ சொன்னால் வீடு. இல்லையென்றால் இல்லம்.

அக்கா சுவரைப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்க்கிற ஆளே இல்லை.

மார்ச் 5, புதன்

எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நியாயமா இது?

மார்ச் 6, வியாழன்

பிசியோவிடம் கேட்டேன், எப்படிப் பழகுவது என்று. "அவங்களை வெச்சே பழகினா இன்னும் பயந்துடுவாங்க. ஒரு மணல் மூட்டையை வெச்சுப் பழகுங்களேன்" என்றாள்.

மதியம் மெஷினில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். மூட்டைக்கு முட்டி கிடையாதே! அக்காவின் பிரச்சினையே முட்டிதான் — நிற்க வைத்தால் மடங்குகிறது, உட்கார வைத்தால் நீட்டிக்கொள்கிறது. முட்டி வேண்டும், இடுப்பு வேண்டும், தோள் வேண்டும். எல்லாம் அசைய வேண்டும்.

இத்தனை வருஷமாக சீட் தைக்கிறேன். சீட்டில் உட்கார ஓர் ஆளைத் தைக்க முடியாதா?

மார்ச் 8, சனி

தம்பி கடையில் பைப் வாங்கினேன். குளியலறைச் சாமான் விற்கிறவன் உடன்பிறப்பாக இருப்பதில் இது ஒன்றுதான் லாபம்.

"எதுக்கு?"

"கிச்சன் சிங்க் அடைச்சுக்கிச்சு."

"சிங்க்குக்கா இவ்ளோ நீள பைப்பு?"

"பெரிய அடைப்பு."

அவனே வெட்டி, அவனே கட்டி, அவனே வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். அக்காவை இல்லத்துக்கு அனுப்பத் துடிக்கிறவன், அக்காவுக்கு எலும்பு கொடுத்து அனுப்பியிருக்கிறான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

கால்கள். பைப் முனையை அடுப்பில் காட்டி, இளகியதும் பலகையால் அமுக்கித் தட்டையாக்கி, துளை போட்டு, ரெண்டு தட்டையையும் சேர்த்து போல்ட் மாட்டினால் முட்டி. ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் வீடு முழுக்க நாற்றம். பெருமையாக நிற்க வைத்தேன். முட்டி முன்பக்கமாக மடங்கியது. கொக்கு! அக்காவை நான் என்னவெல்லாமோ சொல்லித் திட்டியிருக்கிறேன், கொக்கு என்று மட்டும் சொன்னதில்லை.

சாயங்காலம்தான் வழி தெரிந்தது. கடையில் கிடந்த பழைய சீட் பெல்ட் நாடாவை முட்டிக்குப் பின்னால் மேலும் கீழுமாக இழுத்துத் தைத்தேன். கால் நேரானதும் நாடா விறைத்துக்கொள்கிறது; அதற்கு மேல் முன்னால் போகாது. பின்னால் மட்டும் மடங்கும். மனுஷ முட்டி!

நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன். வேறு யார் தட்டுவார்கள்?

மார்ச் 12, புதன்

உடம்புக்கு ஸ்பாஞ்ச், மேலே கறுப்பு ரெக்ஸின், உள்ளே தலையணை உறைகளில் மணல். இடுப்பும் தோளும் போல்டில் சரிவரவில்லை, எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டுமே — நைலான் கயிற்றைப் பைப்புக்குள் விட்டு இறுக்கி முடிந்தேன். அக்காவின் எடையை நர்ஸிடம் ரகசியமாகக் கேட்டு வைத்திருந்தேன். அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கும் எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தலைக்கு தம்பியின் பழைய ஹெல்மெட். கழுத்துக்கு சீட் ஸ்பிரிங். லேசாகத் தட்டினால் தலை ஆடிக்கொண்டே இருக்கிறது. "அக்கா, அன்னைக்கு சண்டையில நான் சொன்னதுதானே சரி?" என்று கேட்டேன். ஆமாம் ஆமாம் என்றது. இந்த வீட்டில் முதல் தடவையாக என் கட்சிக்கு ஓர் ஓட்டு.

பெயர் வைத்துவிட்டேன்: டம்மியக்கா.

மார்ச் 14, வெள்ளி

எல்லா நட்டையும் ஒரே மாதிரி முறுக்கியிருந்தேன். தப்பு. அக்கா அப்படி இல்லையே.

வலது முட்டி, வலது முழங்கை — ஸ்பானர் வைத்து இறுக்கினேன். பிறகு இடது பக்கம் வந்தேன். தளர்த்த வேண்டும். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கை தொப்பென்று தொங்கியது. முட்டியைத் தளர்த்தியதும் கால் தன்பாட்டுக்கு வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டது. அப்படியே, அச்சு அசலாக, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற அதே கால்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு பால்கனியில் போய் நின்றேன்.

என்ன பெரிய விஷயம். நட்டு. நட்டுதானே.

மார்ச் 16, ஞாயிறு

மானம் போயிற்று. காலையில் பழகும்போது டம்மியக்கா பிடி நழுவி விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். கதவைப் பாதிதான் திறந்தேன். ஆனால் சோபாவுக்குப் பின்னாலிருந்து ரெண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் செருப்பை வேறு மாட்டி வைத்திருந்தேன், வழுக்காமல் இருக்க.

"யாரும்மா அது?"

வாய் தவறி, "எங்க அக்கா" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலல்ல இருந்தாங்க?"

"இது வேற அக்கா."

மனுஷர் படியில் எப்படி இறங்கினார் என்றே தெரியவில்லை. லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் ஹெல்மெட் தலையைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினேன், பொம்மைதான் என்று புரிய வைக்க. தலையைக் கழற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாது. இப்போது தோன்றுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் போய்ப் பார்த்து உளறுவதற்கு முன்னால் நானே சொல்வது மேல். போனில் படம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள், டிக்கெட்டில் தேதி சரியா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு கோணல் வாயால், ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்:

"எனக்கு... இவ்ளோ... வயிறா?"

பக்கவாதத்துக்குப் பிறகு அவள் பேசிய மிக நீளமான வாக்கியம். பிசியோ எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டிக்குப் பின்னாடி நாடா போட்டிருக்கீங்களா? அட!" என்றாள். அக்காவுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. வயிற்றைக் குறைக்கச் சொல்லி விரலால் காட்டிக்கொண்டே இருந்தாள். குறைக்க மாட்டேன். நர்ஸ் சாட்சி.

மார்ச் 20, வியாழன்

பிசியோ சொன்னது: "தூக்காதீங்க. தூக்கவே கூடாது. முன்னால சாய்க்கணும். மூக்கு கால்விரலைத் தாண்டினா இடுப்பு தானா எழும்பும். உங்க முட்டியால அவங்க இடது முட்டியை அணை கட்டுங்க."

செய்து பார்த்தேன். பலமுறை விழுந்தோம். ஒரு தடவை — ஒரே ஒரு தடவை — டம்மியக்கா என் மேல் சாய்ந்து, எழும்பி, திரும்பி, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 22, சனி

தம்பி இல்லத்து விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்தான். கூடத்தில் டம்மியக்கா கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். (நான்தான் போட்டு வைத்தேன். சும்மா.)

"இது என் பைப்பா?"

"ஆமா."

"இது என் ஹெல்மெட்டா?"

"ஆமா."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு சின்னக்கா."

செய்து காட்டினேன். அவன் எதிரில் நின்றதும் சரியாக வரவில்லை, டம்மியக்கா கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தொங்கினாள். "தள்ளு, இது ஆம்பளை வேலை" என்று வந்தான். அக்குளில் கை கொடுத்து விருட்டென்று தூக்கினான் — முதல் நாள் நான் செய்த அதே முட்டாள்தனம். இடது முட்டி மடங்கியது. மணலும் பைப்பும் ஹெல்மெட்டுமாக மொத்த எடையும் அவன் மேல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான். அடப்பாவி, இவன் அழுது நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

"பக்கவாதம் வந்த அன்னைக்கு பாத்ரூம்ல இப்படித்தான்" என்றான். "நீ கடைக்குப் போயிருந்த. நான் சும்மா எட்டிப் பாக்க வந்தேன். தூக்கத் தூக்க வழுக்கிட்டே இருந்தா. என்னால முடியல. அவ என்னையே பாத்துட்டிருந்தா சின்னக்கா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தரையிலேயே கிடந்தா. நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

எனக்குத் தெரியாது. அவன் கூப்பிட்டான், ஆம்புலன்ஸ் வந்தது — அவ்வளவுதான் சொன்னான். இல்லம், மிஷின், தோட்டம் என்று குதித்ததெல்லாம் இதற்காகவா? இவனுக்கு அவள் பாரமில்லை. மறுபடி கை நழுவிவிடுமோ என்ற பயம். அதை வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மூக்கு எதைத் தாண்டணும்னு சொன்ன?" என்றான்.

மார்ச் 23, ஞாயிறு

தம்பி கடையைத் திறக்கவில்லை. நாள் முழுக்க அவனும் டம்மியக்காவும் நானும். அவனுக்கு என்னைவிட நன்றாக வருகிறது, எரிச்சலாக இருக்கிறது. தோள் மூட்டுக் கயிறு தளர்கிறது என்று குறை வேறு. விண்ணப்பத்தை ஸ்பானருக்குக் கீழே விரித்திருந்தோம், தரையில் எண்ணெய் படாமல் இருக்க.

மார்ச் 27, வியாழன்

இன்று பரீட்சை. பிசியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பி நாற்காலியின் பின்னால்.

டம்மியக்கா ஒன்றை மட்டும் சொல்லித் தரவில்லை: அவளுக்குப் பயம் கிடையாது. நிஜ அக்கா நான் குனிந்ததுமே வலது கையால் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் கட்டை. சாய மறுக்கிறாள். அன்றைக்கு விழுந்தது அவளுக்கு மறந்தால்தானே? பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. காதோரமாக, "முடியை விடு எருமை. டம்மியக்கா உன்னைவிட ஒழுங்கா வருவா. வயிறுகூட அவளுக்குக் கம்மி" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் உடம்பு இளகியது. இளகியதும் சாய்த்தேன், முட்டியால் அணை கட்டினேன், எழும்பினாள் — அதோடு இன்னொன்று. வலது காலால் அவளே தரையை உதைத்துத் தள்ளினாள்! பொம்மை எந்தக் காலத்திலும் தள்ளியதில்லை. பாதி வேலையை அவள் செய்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. திரும்பினோம், உட்கார்ந்தாள்.

"பொய்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. வயிற்றைப் பற்றி.

பிசியோ, "முதல்ல கொஞ்ச நாள் கூட இன்னொருத்தர் இருந்தா அனுப்பலாம்" என்றாள். தம்பி வாய் திறப்பதற்குள் அக்கா அவனைக் கை காட்டினாள். அவன் தலையாட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே, டம்மியக்காவின் ஸ்பிரிங் தோற்றது.

மார்ச் 31, திங்கள்

வீடு. மூன்று பேரும் களைத்துப் போனோம். அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தூசி" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

பிசியோ டம்மியக்காவைக் கேட்டாள். மற்ற குடும்பங்களும் பழகலாமாம். தம்பி தோளில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தான். கீழ்வீட்டுக்காரர் லிப்ட் வாசலில் எதிர்ப்பட்டு, ஒன்றும் கேட்காமல் வழி விட்டார். பாவம், பழகிவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

கடைக்கு லேட். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரணம் கேட்டார்.

நடந்தது இதுதான். தம்பி வர நேரமாகும் என்று போன் பண்ணியிருந்தான். அக்காவை டிவி பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜன்னலோர நாற்காலிதான் வேண்டும் என்றாள். ஜன்னலுக்கு மாற்றினேன். வெயில் அடிக்கிறதாம், மறுபடியும் டிவிக்கே வேண்டுமாம். "நான் என்ன உனக்கு பஸ்ஸா, நினைச்ச இடத்துல ஏறி இறங்க?" என்று கத்தினேன். "இறங்கும் இடம்... தாண்டிடுச்சு... சீக்கிரம்" என்று அவளும் கத்தினாள். திட்டிக்கொண்டே மாற்றினேன். அவளும் திட்டிக்கொண்டேதான் எழுந்தாள்.

"அக்கா நாற்காலி மாறணும்னு சொன்னா சார்" என்றேன் முதலாளியிடம்.

"இதெல்லாம் ஒரு காரணமா?"

"இல்லதான்" என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன்.