காய்ச்சிய ஒயின்

12 டிசம்பர் 1968, வியாழன்

காலையிலிருந்து தூறல். தெருவில் தறி நூலைப் பாவு விரிக்க முடியாமல் இவருக்கு எரிச்சல்.

வாங்க வேண்டியது: சுக்கு, மிளகு, விளக்குத் திரி.

மாமாவுக்கு, இவர் அப்பாவுக்கு, விஷக் காய்ச்சல் விட்டுப் பதினைந்து நாள். இன்னும் சோறு இறங்கவில்லை. நான் கொடுக்கும் கஞ்சி இரண்டு வாய், அப்புறம் கையை ஆட்டிவிடுகிறார். உடம்பு பாதியாகிவிட்டது. பயமாக இருக்கிறது.

மத்தியானம் பாண்டிச்சேரியிலிருந்து கொழுந்தனும் அவன் பெண்டாட்டி வசந்தாவும். அவள் பெட்டியில், புடவைக்கு நடுவே ஒரு சீசா. ஒயினாம். அங்கே கடையிலேயே விற்கிறார்களாம். இங்கே மதுவிலக்கு, போலீஸ் பார்த்தால் எல்லோரும் உள்ளே.

"ரத்தம் ஊறும், பசி எடுக்கும் மாமா" என்றாள். ஐந்து வருஷமாக நான் சொன்ன எதற்கும் அசையாதவர், எழுந்து உட்கார்ந்தார்.

13, வெள்ளி

வீடே அவளைச் சுற்றி. கேள்வி மேல் கேள்வி.

இவர்: "திராட்சையைக் காலாலயா மிதிப்பாங்க?"

"இப்பல்லாம் மிஷினுங்க."

எத்தனை நாள் புளிக்கணும்? போதை ஏறுமா? சோற்றுக்கு முன்னாலா, பின்னாலா? எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள். மரப்பீப்பாயில் மாசக்கணக்காம். சின்ன டம்ளரில் பாதிதானாம், மேலே போனால் கெடுதலாம். மடமடவென்று குடிக்கக் கூடாதாம், உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகவாம். மாமா ஆயுசில் டம்ளரை எச்சில் பண்ணினவர் இல்லை. அவள் சொன்னாள், உதட்டில் வைத்துக்கொண்டார்!

இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு, "எவ்ளோ விஷயம் தெரிஞ்சி வெச்சிருக்குது பாரு இந்தப் பொண்ணு" என்று என்னிடமே. என்னைக் கேட்க யாருக்கும் ஒன்றும் இல்லை. வயிறு எரிகிறது. எழுதவே வெட்கம். ஆனாலும் எரிகிறது.

ராத்திரியும் மாமா சாப்பிடவில்லை. அவள் மருந்து பலிக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பாவி நான்.

15, ஞாயிறு

நல்ல வெயில். பாவு விரித்தாயிற்று. வசந்தாவும் கொழுந்தனும் கோயிலுக்கு.

யோசித்தேன். பச்சையாக ஊற்றிக் கொடுத்தால் எப்படிப் பலிக்கும்? எந்த மருந்தும் சுண்டக் காய்ச்சினால்தானே சத்து. அத்தனை தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே! சீசாவில் மிச்சமிருந்தது அத்தனையும் சட்டியில். சுக்கு, மிளகு, பனைவெல்லம். நாலில் ஒன்றாக இறக்கினேன். வாசனை தெருவுக்குப் போகாமல் கதவைச் சாத்தினேன்.

வசந்தா வந்தாள், சட்டியைப் பார்த்தாள், தலையில் கை. "அய்யோ அக்கா, ஒயினைப் போய்க் காய்ச்சுவாங்களா? அதுல இருந்ததெல்லாம் ஆவியா போயிருக்கும்."

இவர்: "இன்னாடி பண்ணி வெச்சிருக்கே?"

கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கொட்டிவிடத்தான் சட்டியை எடுத்தேன். வசந்தா பிடுங்கி, டம்ளரில் ஊற்றிக்கொண்டு மாமாவிடம் போய்விட்டாள்.

கதவோரம் நின்று பார்த்தேன். மாமா அண்ணாந்து ஒரே மூச்சில் முழுசும் குடித்தார்.

"இன்னிக்குத்தாம்மா தொண்டைக்கு எதமா இருக்குது. காரமா இன்னாவோ போட்டிருக்கே."

"மாமா, அது அக்கா..."

அவளை முடிக்க விட்டால்தானே. "பசிக்குதும்மா சின்னவளே. ரசஞ்சோறு ஒரு கை பிசைஞ்சு எடுத்துனு வா. நீயே பிசை."

அவள் சமையலறைக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள். ரசம் நான் வைத்தது. பிசைந்ததும் நான்தான். வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டு, அவள் கையில் கொடுத்தனுப்பினேன்.

ஒரு பருக்கை மிச்சமில்லை. சின்னவள் கைக்கு ருசியே தனியாம்.