மருந்து ரூமில் சிரிப்பு

பங்குனி 5, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுப் பால். சட்டைக்குப் பித்தான் தைக்க வேண்டும்.

நேற்று மேட்டுப்பட்டி அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். பாட்டுக் கச்சேரிக்கு நடுவில் எனக்கும் குருசாமிக்கும் அரை மணி நேரம் சிரிப்பு நிகழ்ச்சி. (இனி கு.சா. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) எப்போதும் போலக் கேள்வி நான், கோணல் பதில் அவன். பகலில் அவன் சாத்தூர் ஸ்டேஷனில் வெள்ளரிக்காய் விற்கிறவன், நான் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் வெட்டுகிறவன். மேடை ஏறினால் அவன் பெரிய நடிகருக்கு சிநேகிதன்.

"முதல் வகுப்புப் பெட்டியில உக்காந்திருந்தாருப்பா. வெள்ளரிக்காய நீட்டுனேன்."

"உங்கிட்டப் பேசுனாரா?"

"உப்பு இல்லையான்னு கேட்டாரு."

"நீ என்னலே சொன்ன?"

"உங்க போன படத்துலயும் இல்லைன்னேன்."

அப்புறம் அவனுடைய தொழில் யோசனைகள். டூரிங் டாக்கீசில் தூங்குகிறவர்களுக்குக் கட்டில் டிக்கெட், இடைவேளையில் எழுப்பாமல் இருக்கத் தனிச் சார்ஜ். கடைசியில் ஊமை வெடி. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் சீக்காளி இருக்கிற வீட்டுக்கும் ஏற்றது. பற்றவைப்பது போல் பாவனை செய்து, இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்போம். ரொம்ப நேரம் நிற்போம்.

"எப்பலே வெடிக்கும்?"

"அது வெடிச்சு முடிஞ்சு வீட்டுக்குப் போயிருச்சே."

பெண்கள் பக்கம்தான் அதிகச் சிரிப்பு. பாதிப் பேர் வெடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். என் வீட்டுக்காரி பேச்சியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நல்ல சோறு போட்டார்கள்.

பங்குனி 6, செவ்வாய்

பேச்சிக்கு அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனியில் மருந்து ரூம் வேலை. ஒரு ரூமுக்கு நாலு பெண்கள், வெடிக் குழாயில் மருந்து அடைப்பது. சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க ரூம் வீராயி இன்னைக்கு என் காதுல வந்து, வெடிச்சு முடிஞ்சு வீட்டுக்குப் போயிருச்சேங்கிறா. நாலு பேருக்கும் அடக்க முடியலை. போர்மேன் வந்து சத்தம் போட்டுட்டுப் போறாரு."

"மருந்துத் தட்டு ஆடுச்சா?"

"கொஞ்சம். ஏன், உங்களுக்குப் பெருமையா இல்லையாக்கும்?"

தட்டு தவறி விழுந்து உரசினாலே மருந்து பற்றிக்கொள்ளும். அந்த ரூம் சுவரில் ஒரு போர்டு உண்டு. கண்ணாடி வளையல் கூடாது, கொண்டை ஊசி கூடாது, இரும்பு கூடாது, தீப்பெட்டி கூடாது. சிரிக்கக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நானே பெயின்ட் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

பித்தான் இன்னும் தைக்கவில்லை.

பங்குனி 8, வியாழன்

மத்தியானம் கிழக்கே சத்தம். ஆபீசில் எல்லார் கையும் நின்றுவிட்டது. வீட்டுப் பெண்கள் வெடி வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லாம் ரோட்டுக்கு ஓடினோம். ஓடும்போது செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

பேச்சியின் கம்பெனி இல்லை, அதற்கு அடுத்தது. ஒரு ரூம் கூரை போய்விட்டது. ஒரு பெண்ணுக்குக் கை வெந்துவிட்டதாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். பேச்சியை அவள் கம்பெனி வாசலில் பார்த்த பிறகுதான் எனக்குக் கண் தெரிந்தது.

அந்தக் கம்பெனி ஆள் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். "அண்ணே, அந்த ரூம்ல ஏதும் பேசிக்கிட்டிருந்தாகளா? சிரிச்சுக்கிட்டு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெக்கைடா தம்பி. வேற என்ன."

வெக்கையாகவே இருக்கட்டும், மாரியாத்தா.

ராத்திரி பேச்சியிடம் பத்து நாள் லீவு போடச் சொன்னேன். வடக்கே போகிற ஆர்டர் நிற்கிறதாம், முடியாது என்றாள். "நீங்க மேடை ஏறாம இருப்பீகளா?" என்று கேட்டாள்.

பங்குனி 9, வெள்ளி

ஸ்டேஷன். கு.சா.விடம் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பொங்கலில் ஊமை வெடி வேண்டாம்.

"சிரிச்சுச் செத்தவன் எவன்லே மாப்பிள?"

"பேச்சி இருக்கிற ரூம் அப்படிலே."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான், இறக்கினான். "சரி, விடு" என்றான். ரயில் வந்து போனபின் மாற்று யோசனைகள் சொன்னான்:

1. அழுகைப் படத்துக்குக் கைக்குட்டை வாடகைக்கு.
2. சாத்தூர் வெயிலை டின்னில் அடைத்து ஊட்டிக்கு லோடு.
3. நடிகர் கடித்த வெள்ளரிக்காய், பார்க்க மட்டும். தொட்டால் தனி.

மூன்றாவது பரவாயில்லை. மனசு கொஞ்சம் லேசானது.

பங்குனி 11, ஞாயிறு (எழுதுவது விடிந்தபின்)

விருதுநகர். மைதானம் கொள்ளாத கூட்டம். கம்பெனி லாரியில் பெண்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்து உட்கார்ந்தது யார் என்றால் வீராயி, பேச்சி, அந்த ரூம் முழுக்க.

கைக்குட்டை எடுபட்டது. வெயில் டின் சுமார். வெள்ளரிக்காய்க்கு நடுவில் யாரோ "ஊமை வெடி போடுங்கப்பா" என்று கத்த, கூட்டமே கேட்க ஆரம்பித்துவிட்டது. கு.சா. என்னைப் பார்த்தான். குனிந்து இல்லாத திரியைப் பற்றவைத்தான், பாவி. காதைப் பொத்திக்கொண்டான்.

இனி நான் "எப்பலே வெடிக்கும்?" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காவிட்டால் பதில் இல்லை, பதில் இல்லாவிட்டால் நாளைக்கு அந்த ரூமில் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் என் கணக்கு. வாய் உலர்ந்துவிட்டது. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைத்தேன், அதற்கும் சிரித்தார்கள். பேச்சியைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், மறுபடியும் பேச்சியைப் பார்த்தேன். கூட்டம் சிரித்து உருண்டு புரண்டது. எனக்கு நிஜமாகவே பயம். நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கு.சா. காதுக்கு அருகில் வந்து, "இதையே வச்சுக்குவோம் மாப்பிள, அருமையா இருக்கு" என்றான்.



பங்குனி 12, திங்கள்

லேபிள் இரண்டு கட்டு கோணலாக வெட்டிவிட்டேன். மேஸ்திரி திட்டினார். கிழக்கே சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணி. பேச்சி வந்தாள். கை, கால், முகம் எல்லாம் மருந்துச் சாம்பல் நிறம், மற்றபடி முழுசாக.

"இன்னைக்கு எவளாவது அந்த வெடி வசனத்தச் சொன்னாளா?"

"இல்லையே."

மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

"வசனம் எதுக்கு?" என்றாள். "உங்க மூஞ்சிய நானே செஞ்சு காட்டுனேன். வீராயி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. சத்தம் போட வந்த போர்மேனும் சிரிச்சிட்டாரு."

எனக்கும் செய்து காட்டினாள். கண் இரண்டும் வெளியே, கீழ் உதடு உள்ளே, எச்சில் விழுங்க முடியாமல் விழுங்குவது. நான்தான். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.

சிரித்து முடித்தபின் கேட்டேன். "செஞ்சு காட்டுறப்போ கையில என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும், மருந்துத் தட்டுதான்" என்று சொல்லிவிட்டு, சீயக்காயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.