நீங்கள் வாங்காத மேனிஃபோல்டு

எதிர்வீட்டில் ஜன்னல் கம்பிகளுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாடை வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. கதவைச் சாத்திப் பார்த்தேன், போகவில்லை. உங்கள் படத்துக்குப் பூ மாற்றவும் மனம் வராமல், உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அந்த மேனிஃபோல்டும் இப்படித்தான் நாறியது. விசைப்படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அதைத் தன் ஜீப்பில் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினார். அவர் லாஞ்சியில் நீங்கள் டிரைவர். எஞ்சின் கக்குகிற சூட்டுப் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற இரும்பு வார்ப்பு அது, அதற்குள்ளேயே கடல்தண்ணீர் ஓடி அதைக் குளிரவைக்கும் என்று எனக்கு விளக்கியிருக்கிறீர்கள். பழையது உப்பில் அரித்துவிட்டது. ஒரிஜினல் மெட்ராஸிலிருந்து வர நாளாகும், விலையும் அதிகம் என்று யாரோ வார்த்த டூப்ளிகேட்டை அவரே போய் வாங்கியிருந்தார்.

நீங்கள் குத்தவைத்து உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினீர்கள். உள்ளே பொடிப்பொடியாகத் துளைகள். எதையோ பூசி அடைத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, இது வேண்டாம். செவரு மெலிசா இருக்கு. தாங்காது."

"ஏலே, பாதி லாஞ்சியில இதான் ஓடுது. எறால் சீசன் முடியுத மட்டும் ஓட்டு. பொறவு ஒரிஜினல் வாங்கிப் போட்டுருவோம்."

அவர் சொன்னது பொய்யில்லை. பல லாஞ்சிகளில் அந்த மாதிரிச் சாமான்தான் ஓடிக்கொண்டிருந்தது, சிலது நன்றாகவே ஓடியது. நம் வாசலில் கிடந்தது அப்படிப்பட்டதில்லை என்று தெரிந்தும் நீங்கள் தலையாட்டினீர்கள். தகப்பன் இல்லாமல் துறையில் திரிந்த உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். நம் மகள் ரோஸ்லினுக்கு ஞானத்தகப்பனாக நின்று பெயர் வைத்தவரும் அவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு உங்களிடம் எப்போதும் ஒருமுறைக்கு மேல் வந்ததில்லை.

சீசன் முடியும்வரை அது தாங்கவில்லை. ஒருநாள் பிற்பகல் கரைக்குத் திரும்பும்போது வார்ப்பு பிளந்து எஞ்சின் அறை முழுக்கப் புகையும் ஆவியும் அடைத்துக்கொண்டது. பக்கத்துப் பலகை கருக ஆரம்பித்துவிட்டதாம். மற்றவர்கள் கடலில் குதிக்க நின்றபோது நீங்கள் கீழே இறங்கி டீசல் வால்வை மூடினீர்கள். வேறொரு லாஞ்சி கட்டியிழுத்து வந்தது. ஆட்கள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். உங்கள் வலதுகை மட்டும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வெந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சம்மாட்டி சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையை நானும் நம்பினேன்.

கோயில் மண்டபத்தில் நடந்த படகுக்காரர் கூட்டத்தில் அவர் எழுந்து பேசியதை நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் கேள்விப்பட்டேன். 'ஒரிஜினல் வாங்கத்தான் பணம் குடுத்து விட்டேன். டிரைவர் டூப்ளிகேட்ட மாட்டிட்டு மிச்சத்த வச்சிக்கிட்டான்' என்றாராம். ஆட்களின் உயிரோடு விளையாடலாமா என்று ஊர் அவரைக் கேட்கத் தொடங்கியிருந்தது. அவருக்கு ஒரு கள்ளன் தேவைப்பட்டான்.

உங்களிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்றபோது நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அந்தச் சாமான வாங்குனது யாரு? மாதாவப் பாத்துச் சொல்லுங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. பிறகு, "ஒம் புருசன் அங்கனதான நிக்கான். அவன்ட்ட கேளு" என்றார்.

முற்றமே உங்கள் பக்கம் திரும்பியது. கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். ஒரு வார்த்தை போதும், எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன்.

"நாந்தான் வாங்குனேன்" என்றீர்கள்.

அந்த முற்றத்திலிருந்து வீடுவரை நாம் நடந்து வந்ததைப் போல ஒரு நடையை நான் என் எதிரிக்கும் நினைக்கமாட்டேன்.

ஏன் சொன்னீர்கள் என்று சண்டைபோட்டேன், அழுதேன், பேசாமல் கிடந்தும் பார்த்தேன். ஒரே ஒருமுறை பதில் சொன்னீர்கள். "ஏளா, நீ அவரு கண்ணப் பாக்கல. அத்தன பேரு முன்னால அந்த மனுசன் செத்துருவாரு போல இருந்துச்சு."

அவர் கண்ணைப் பார்த்தீர்கள். பக்கத்தில் நின்ற என் கண்ணைப் பார்த்தீர்களா?

நீங்கள் காப்பாற்றிவிட்ட அந்த மனிதர் உங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு எந்தச் சம்மாட்டியும் கூப்பிடவில்லை. சாமானில் காசு அடித்தவனை எஞ்சினில் யார் விடுவார்கள்? முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குக் காவல் இருந்தீர்கள். மடங்காத விரல்களில் உப்பு பட்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போதெல்லாம் என் வாய் சும்மா இருக்காது. நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

அதையும் பொறுத்திருப்பேன். ரோஸ்லினிடமும் அதையே சொன்னீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார் ஏதோ பேச்சில், "லாஞ்சிச் சாமான்ல துட்டு அடிச்சவன் மவதான நீ" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தாள். நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா சொல்லுதது நெசமா?"

"ஒங்கம்மாவுக்கு எம்மேல பாசம். அதான் அப்பிடிச் சொல்லுதா" என்றீர்கள்.

அன்றைக்கு அவள் சாப்பிடாமல் போனாள். அதற்குப்பிறகு நல்லநாள் பெரியநாளுக்கு வந்தாலும் உங்களோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. நீங்கள் அவளுக்குப் பிடிக்கும் என்று வாங்கிவைத்த மக்ரூனை அவள் பிள்ளைகள் தின்றார்கள், அவள் தொடவில்லை. உங்களுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். வலித்தும் வாயைத் திறக்கவில்லை. ஊர் அதைப் பொறுமை என்று சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். கொடுத்த பொய்யைத் திரும்ப வாங்க வெட்கப்பட்டீர்கள்.

நீங்கள் போனபோது சம்மாட்டி வந்தார். கிழடாகி, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டியருகில் வெகுநேரம் நின்றார். இப்போதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்ச்சேர்ந்தார்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து ரோஸ்லினிடம் மறுபடியும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா பாவம். கஷ்டத்துல ஏதோ செஞ்சிட்டாரு. நான் மன்னிச்சிட்டேன். நீ இனி அத மாத்திப் பேச வேண்டாம்."

நீங்கள் செய்யாத திருட்டை உங்கள் மகள் மன்னித்துவிட்டாள். மாதம் தவறாமல் உங்கள் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கிறாள். அப்பாவின் பாவத்தைப் பொறுத்தருளும் என்று கண்ணை மூடி அவள் செபிக்கும்போது, பக்கத்தில் நானும் முழங்காலில் இருக்கிறேன். எல்லோரும் 'ஆமென்' சொல்கிறார்கள். நான் மட்டும் சொல்வதில்லை.