ஷெல்பியின் வாயைப் பொத்திய கை

அன்புள்ள லோர்னா,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் ஹாலிஃபாக்ஸ் குளிரில் இருமாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுதான் இங்கே யாருக்கும் சரியில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் கிளேரன்ஸ் மகள் ஷெல்பியோடு வந்தான். மூஸ் மான் கறி வேகவைத்து, பானக் ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். அவளுக்கு இப்போது பள்ளிக்கூடத்திலேயே நம் கிரீ மொழி சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஓடி வந்து தாத்தா மடியில் ஏறி, "தான்சி, நிமோசோம்" என்றாள். நலமா தாத்தா என்று அவ்வளவு அழகாகக் கேட்டாள். உன் அப்பா சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். "பேசாத, அவங்க காதுல விழுந்துடும்" என்று கிசுகிசுத்தார். யார் காதில்? நம் மொழியில் ஒரு வார்த்தை பேசினாலே அடித்த அந்த விடுதிப் பள்ளியை இடித்து அங்கே புல்லே முளைத்துவிட்டது, அந்தக் கன்னியாஸ்திரிகளும் செத்துப்போனார்கள். இவருக்கு மட்டும் இன்னும் கதவுக்குப் பின்னால் யாரோ பிரம்போடு நிற்கிறார்கள். குழந்தை பயந்து அழுதாள். கிளேரன்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு, "எனக்குத்தான் நம்ம பேச்சே இல்லாம பண்ணிட்டீங்க, இவளையாவது விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவன், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று போனில் சொல்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பள்ளிக்கு அரசாங்கத்து ஆட்கள் பிள்ளை பிடிக்க வந்தபோது என் அப்பா என்னைக் காட்டுக் குடிசையில் ஒளித்துவைத்தார், நான் தப்பித்தேன். இவர் ஆறு வயதில் அகப்பட்டார். எனக்குத் தெரியாதா? ஆனால் கல்யாணமான நாளிலிருந்து என் சொந்தச் சமையலறையில் என் மொழியை நான் மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கும் அலுத்துப்போய்விட்டது. அரசாங்கத்தில் டிவியில் மன்னிப்புக் கேட்டார்கள், சரி, அந்த மன்னிப்பு வந்து குழந்தை வாயிலிருந்து இவர் கையை எடுத்துவிடுமா?

புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளேரன்ஸ் வீட்டுக்குப் போயிருக்கிறார். போனவர் இறங்கவேயில்லையாம், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். இவனும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றானாம். இரண்டும் ஒரே பிடிவாதம். திரும்பி வந்தவரிடம் என்ன சொல்லத்தான் போனீர்கள் என்று கேட்டேன். "சின்னவ நலமான்னு கேட்டாளே, பதில் சொல்லணும்ல" என்றார். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்திவிட்டேன். "வார்த்தை எல்லாம் இருக்கு, வாய்தான் திறக்க மாட்டேங்குது" என்றார். அதற்கு மேல் என்னத்தைக் கத்துவது? சனிக்கிழமை நானே அவரை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன். கதவைத் திறக்கச் சொல்லி உன் அண்ணனுக்கு நீ போன் போடு, நான் சொன்னால் கேட்கமாட்டான்.

நம் முன்னோர் உன் பக்கத்திலேயே நடந்து வரட்டும், கையுறை இல்லாமல் வெளியே போகாதே. அப்பாவுக்கும் மறக்காமல் போன் போடு. உனக்குத் தெரிந்த நாலு கிரீ வார்த்தையைத் தப்பாகவாவது பேசு. போனை வைத்துவிடுவார். மறுபடியும் போடு.

உன் அம்மா,
ரோசாலி