கருப்பில் சாம்பல் எழுத்து

1999 நவம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஆபீசில் கிரைண்டர் கம்பெனியின் வெப்சைட் வேலை. அந்த முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். "கல்லு கருப்புங்க அம்மணி. பக்கமும் கருப்பாவே இருக்கோணும். வெள்ளை எழுத்து வேண்டாங்க, கண்ணுல குத்துது. சாம்பலாப் போடுங்க."

போட்டேன். எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. பக்கத்து சீட் ரஹீம் கடகடவென்று படிக்கிறான். வெளிச்சத்தைக் கூட்டியும் பயனில்லை. மானிட்டர் சரியில்லை, வேறென்ன.

வாங்க: உப்பு, தேங்காய் எண்ணெய், பிரியாவுக்குப் பென்சில்.

நவ. 16, செவ்வாய்

மானிட்டரை மாற்றிக்கொண்டோம். ரஹீமுடையது புதுசு. அதிலும் அதே கதை. சாம்பலை வெளுத்து வெளுத்துப் பார்த்தேன். "அக்கா, இதுக்கு மேல வெளுத்தா வெள்ளையேதான்" என்றான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம்.

சாயங்காலம் கரண்ட் போனது. பிரியா வாசப்படியில் தடுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. ஆறு வயசாகிறது. "கண்ணை எங்க வச்சுட்டு நடக்கறே" என்று திட்டினேன். போன வாரம் அதே படியில் நான் இடித்துக்கொண்டபோது படியைத் திட்டினேன்.

நவ. 18, வியாழன்

கண் டாக்டர். சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் உட்கார வைத்தார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறதாம். மருந்து கிடையாது. கண்ணாடி போட்டாலும் ஆகாது. இருட்டும் மங்கல் எழுத்தும்தான் முதலில் தகராறு செய்யுமாம். மானிட்டர் மேல் பழி போட்டதெல்லாம் வீண்.

"உங்க அப்பா அம்மா சொந்தத்துலயே கட்டுனவங்களா?" ஆமாம். "உங்க ஊட்டுக்காரரு?" தாய்மாமன் மகன். எங்கள் பக்கம் பெண்ணை வெளியில் கொடுத்தால்தான் ஏனென்று கேட்பார்கள். டாக்டர் எழுதிக்கொண்டார். அப்புறம்தான் கேட்டார். "கொழந்தை இருக்குதுங்களா? இது பரம்பரையா வரக்கூடியதுங்க. கூட்டிட்டு வாங்க, பாத்தரலாம்."

உக்கடம் வரை பஸ்ஸில் அது ஒன்றே நினைப்பு. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பயம்.

நவ. 19, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புள்ளைக்கு ஒண்ணும் இருக்காது, உடு. கண்டதையும் நெனச்சுட்டுக் கெடக்காதே." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே. சாம்பாரில் உப்பில்லை. யாரும் சொல்லவில்லை.

நவ. 20, சனி

வெயில். பள்ளிக்கூடம் லீவு. டாக்டரிடம் போக திங்கள் வரை பொறுக்க முடியவில்லை. பிரியாவை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கருப்பு மேல், முதலாளி கேட்ட அதே சாம்பலில், அவள் பெயரைப் பெரிதாக அடித்தேன். எனக்குத் தெரியாததால் ரஹீமைக் கேட்டேன். "நல்லாத் தெரியுதுக்கா" என்றான், வாசலிலிருந்தே.

மடியில் உட்கார வைத்தேன். "என்ன எழுதியிருக்குது, படி கண்ணு."

கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரை ஆப் பண்ணி வச்சுட்டுப் படிக்கச் சொல்றீங்களேம்மா."